என் இதயம் எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு சத்தமாகக் கேட்கிறது?

கடிதம், சுருக்கமாக

வயது 37. கணக்குத் தணிக்கை வேலை, மணமானவர். ஒன்பது மாதத்துக்கு முன்னால் இவருடைய அப்பா மாரடைப்பில் இறந்துபோனார், அவருக்கு 68. அதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு இரவு, படுத்திருக்கும்போது இதயம் தடதடவென்று அடிப்பது கேட்டு எழுந்து உட்கார்ந்தார். அன்று ஆரம்பித்தது இன்னும் நிற்கவில்லை. இ.சி.ஜி., எக்கோ, டிரெட்மில், 24 மணி நேரம் உடம்பில் மாட்டித் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்ட்டர், தைராய்டு, ஹீமோகுளோபின் என்று எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாமே நார்மல். "ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறையுங்கள்" என்று மருத்துவர் அனுப்பிவிட்டார். மனைவி "எல்லாம் உங்க கற்பனை" என்கிறார். ஸ்மார்ட் வாட்ச்சில் ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது தடவை துடிப்பைப் பார்க்கிறார். ஒரு செயலியைப் பார்த்து ஆழ்ந்த மூச்சுப் பயிற்சி தொடங்கினார். ஐந்து நிமிடத்தில் விரல் நுனியும் உதடும் மரத்துத் தலை சுற்ற, பக்கவாதமோ என்று பயந்து விட்டுவிட்டார். இதற்கிடையில் ஒரு பதவி உயர்வு வந்திருக்கிறது, மாதத்தில் பாதி நாள் வெளியூர்ப் பயணம். ஒப்புக்கொள்ளலாம் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறதாம்.

அவர் கேட்பது இதுதான்: "மற்றவர்களைவிட என் உடம்பு எனக்கு நுட்பமாகக் கேட்கிறது. அது எதையோ எச்சரிக்கிறதா, இல்லை எல்லாம் மனசா? வயிறு இந்த வேலை வேண்டாம் என்கிறது, உள்ளுணர்வு பொய் சொல்லாது என்பார்களே, கேட்டு நடக்கட்டுமா?"

கடிதத்தின் அடியில் ஒரு பின்குறிப்பு. அப்பா இறப்பதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே நெஞ்சு எரிகிறது, வாயு மாதிரி இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். "நானும் வாயுதான் என்று நினைத்தேன்."

பதில்

நண்பரே,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படிக்கும்போது எனக்கே என் துடிப்பு காதில் கேட்க ஆரம்பித்துவிட்டது. இதைப் படிக்கிற வேறு சிலருக்கும் இந்நேரம் கேட்டுக்கொண்டிருக்கும். கவனத்தை அந்தப் பக்கம் திருப்பினால் போதும், அதுவரை இல்லாதது போலிருந்த ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. உங்கள் சிக்கலில் பாதி இது. மீதிப் பாதி அந்தப் பின்குறிப்பில் இருக்கிறது என்று நினைக்கிறேன், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

"கற்பனை" என்பது சரியான வார்த்தை இல்லை

ரிப்போர்ட் நார்மல் என்றால் இதயத்தில் நோய் தென்படவில்லை என்று அர்த்தம். நீங்கள் உணர்ந்த படபடப்பு நடக்கவே இல்லை என்று அர்த்தம் கிடையாது. இந்த இரண்டையும் மருத்துவர்களாகிய நாங்களே பல சமயம் குழப்பிப் பேசிவிடுகிறோம், ஐந்து நிமிடத்தில் ஒரு நோயாளியை அனுப்பவேண்டிய அவசரத்தில். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரோடு இன்னும் நெருங்கி வருகிறது, காதைத் தலையணையில் அழுத்தினால் ரத்தத்தின் தாளம் கேட்கிறது, வீடு அடங்கிவிட்ட நேரத்தில் அதை மறைக்க வேறு சத்தமும் இல்லை. ஆரோக்கியமான இதயத்திலும் அவ்வப்போது ஒரு துடிப்பு முந்திக்கொண்டு வரும், அப்புறம் ஒரு சின்ன இடைவெளி, அடுத்த துடிப்பு வழக்கத்தைவிடப் பலமாக விழும். "ஒரு கணம் நின்றுபோய்த் தொப்பென்று அடித்தது" என்று நீங்கள் எழுதியிருப்பது அநேகமாக இதுதான். அதைக் கேட்டுப் பயந்ததும் அட்ரினலின் சுரக்கிறது, வேகமும் கூடுகிறது, அடிக்கும் விசையும் கூடுகிறது. பயம் கிளப்பிவிட்ட துடிப்பும் நிஜத் துடிப்புதான். இந்தப் பத்தியை உங்கள் மனைவியிடம் காட்டுங்கள், சண்டை போட அல்ல, அவரும் ஏழு மாதமாக உங்களோடு சேர்ந்து தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்.

"உடம்பா, மனசா" என்ற உங்கள் கேள்வியில்தான் எனக்குச் சிக்கல். நம் மொழியையே பாருங்கள். பயம் வந்தால் வயிற்றைக் கலக்குகிறது, ஈரக்குலை நடுங்குகிறது, கெட்ட சேதி கேட்டால் நெஞ்சு திக்கென்கிறது, துக்கத்தில் நெஞ்சை அடைக்கிறது. பேசுகிறவர்களுக்கு இது எப்போதோ தெரிந்துவிட்டது, ஆராய்ச்சி மெதுவாக வந்து சேர்ந்தது. உடம்பின் உள்ளிருந்து வரும் சேதிகளை உணர்வதற்கு இன்டரோசெப்ஷன் என்று பெயர், இங்கே உள்ளுடல் உணர்தல் என்று வைத்துக்கொள்வோம். பசி, தாகம், மூச்சு முட்டல், சிறுநீர் முட்டல், படபடப்பு எல்லாம் இதில் சேர்த்தி. வெளி உலகத்தை உணரும் உறுப்புகளிலிருந்து இந்த உள்பக்க உணரிகளைத் தனியாகப் பிரித்துப் பெயர் வைத்தவர் சார்ல்ஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய நரம்பியல் அறிஞர், 1906-ல்.

இதில் பலருக்கும் தெரியாத ஒரு விஷயம். மூளையிலிருந்து இதயத்துக்கும் குடலுக்கும் ஓடும் வேகஸ் நரம்பை, மூளை ஆணையிடுவதற்கான கம்பி என்றே நினைத்துக்கொள்கிறோம். அதன் இழைகளில் சுமார் 80 சதவீதம் எதிர்த்திசையில், உறுப்புகளிலிருந்து மூளைக்குச் சேதி கொண்டுபோகிறவை. கழுத்துத் தமனியிலும் மகாதமனியின் வளைவிலும் இருக்கிற அழுத்த உணரிகள் ஒவ்வொரு துடிப்புக்கும் தகவல் அனுப்புகின்றன. நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் துடிப்பு, அத்தனைக்கும். எல்லாவற்றையும் உணர்ந்துகொண்டிருந்தால் ஒரு வேலையும் ஓடாது, அதனால் எதிர்பார்த்தபடி வருகிற சேதியை மூளை பெரும்பாலும் அப்படியே அமுக்கிவிடுகிறது, உடுத்தியிருக்கிற சட்டையின் உரசலை மறப்பது போல. ஏதாவது முக்கியம் என்று அது முடிவு செய்தால் மட்டும் சத்தத்தைக் கூட்டுகிறது. உங்களுக்கு அப்பா இறந்த பிறகு இதயம் முக்கியமாகிவிட்டது.

சேதி ஒன்று, அர்த்தம் வேறு

1884-ல் வில்லியம் ஜேம்ஸ் என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் ஒரு வாதத்தை வைத்தார். பயந்ததால் நடுங்குகிறோம் என்று நினைக்கிறோம், அது தலைகீழ், உடம்பு நடுங்குவதை உணர்வதுதான் பயம் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. 1927-ல் வால்டர் கேனன் என்ற உடலியங்கியல் அறிஞர் அதில் ஓட்டை காட்டினார்: கோபத்திலும் பயத்திலும் காய்ச்சலிலும் உள்ளுறுப்புகளில் நடக்கும் மாற்றம் ஏறக்குறைய ஒன்றுதானே, பிறகு எப்படி வேறு வேறாக உணர்கிறோம்? இருவரும் பாதி சரி என்று இன்று சொல்லலாம். உடம்பு அனுப்பும் சேதி மங்கலானது. சூழ்நிலையையும் பழைய நினைவுகளையும் வைத்துக்கொண்டு மூளை அதற்கு ஒரு அர்த்தம் ஊகிக்கிறது. மூளையின் பக்கவாட்டு மடிப்புக்குள் மறைந்திருக்கும் இன்சுலா என்ற பகுதிக்கு இதில் பெரிய பங்கு.

2023-ல் வெளிவந்த ஒரு எலிப் பரிசோதனை உங்கள் கதைக்கு நன்றாகப் பொருந்தும். மூளையைத் தொடாமல், இதயத் தசையை மட்டும் ஒளியால் தூண்டி, நிமிடத்துக்கு 900 துடிப்பு வரை ஏற்றினார்கள் (எலிகளுக்குச் சாதாரணமாகவே 600-க்கு மேல் இருக்கும், பயப்படாதீர்கள்). ஆபத்து இல்லாத இடத்தில் எலிகள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. திறந்தவெளி மாதிரி ஆபத்தின் சாயல் இருந்த இடத்தில் ஒதுங்கிப் பதுங்கின. இன்சுலாவின் பின்பகுதியை அடக்கியபோது அந்தப் பதுங்கல் குறைந்தது. துடிப்பு அதேதான், இடம்தான் அதைப் பயமாக்கியது.

இதை உங்கள் வாழ்க்கையிலேயே நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், கவனிக்கவில்லை. இரவில் வாட்ச் 110 காட்டியதும் நடுங்கிப்போனதாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய டிரெட்மில் ரிப்போர்ட்டில் உங்கள் துடிப்பு 158 வரை போயிருக்கிறது. அன்று பயம் வந்ததாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை, ஏனென்றால் இதயம் ஏன் வேகமாக அடிக்கிறது என்பதற்கான காரணம் காலுக்கடியில் ஓடிக்கொண்டிருந்தது. இரவில் அந்தக் காரணம் இல்லை, காலியாக இருக்கிற இடத்தில் அப்பாவின் ஞாபகம் வந்து நிற்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், உங்கள் விஷயத்தில் இருட்டு உள்ளே இருக்கிறது.

அப்புறம் அந்த "நுட்பமாகக் கேட்கிறது" என்பது. இங்கே உங்களைக் கொஞ்சம் மறுக்கவேண்டியிருக்கிறது. நாடியைத் தொடாமல் துடிப்பை எண்ணச் சொல்லி, கருவி காட்டும் எண்ணோடு ஒப்பிடும் ஒரு சோதனை 1980-களின் தொடக்கத்திலிருந்து இருக்கிறது. அதிலும் குறை உண்டு, தன் துடிப்பு நிமிடத்துக்கு 70 இருக்கும் என்று தெரிந்தவர் எதையும் உணராமல் ஊகித்தே தேறிவிடலாம். இருந்தாலும் இவ்வகை ஆய்வுகளில் ஒன்று தெளிவாகிறது: "என் உடம்பை நான் நன்றாக உணர்கிறேன்" என்று ஒருவர் நம்புவதும், அவர் உண்மையில் சரியாக உணர்வதும் தனித்தனி விஷயங்கள். என் அறையில் "ஒவ்வொரு துடிப்பும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு 20 துடிப்பு தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குச் சத்தம் கூடியிருக்கிறது, அது நிச்சயம். கேட்பது துல்லியமா என்பது வேறு கேள்வி, சத்தத்தை வைத்து அதற்குப் பதில் சொல்ல முடியாது.

அந்த மூச்சுப் பயிற்சி

பக்கவாதம் இல்லை. பெரிது பெரிதாகவும் வேகமாகவும் மூச்சு இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு அளவுக்கு மீறிக் குறைகிறது, அதனால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சற்றுச் சுருங்குகின்றன, தலை கிறுகிறுக்கிறது, விரலும் உதடும் மரக்கின்றன. மூச்சு சாதாரணமானதும் சரியாகிவிடும். (பயிற்சி செய்யாத நேரத்தில், ஒரு பக்கம் மட்டும் கை கால் பலம் குறைந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ அது வேறு, உடனே ஓடவேண்டும்.) மூச்சைக் கவனிப்பது எல்லோருக்கும் நிம்மதி தரும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. ஏற்கெனவே உள்ளே எதையோ காவல் காத்துக்கொண்டிருக்கிறவருக்கு, இன்னும் கூர்ந்து பார் என்று சொன்னால் சிலருக்குப் பதற்றம் ஏறத்தான் செய்யும். நீங்கள் அதில் தோற்கவில்லை, இப்போதைக்கு அது உங்களுக்கு ஏற்ற கருவி இல்லை, அவ்வளவுதான். கவனத்தை வெளியே வையுங்கள், நடக்கும்போது பாதம் தரையில் படுவது, தூரத்துச் சத்தங்கள், இப்படி. மூச்சில் ஏதாவது செய்துதான் ஆகவேண்டும் என்றால் சின்னதாக இழுத்து மெதுவாக விடுங்கள்.

வயிறும் பதவி உயர்வும்

உள்ளுணர்வு என்ற சொல்லே நம்மை ஏமாற்றிவிடுகிறது, உள்ளே உணர்வதும் முன்கூட்டி அறிவதும் ஒன்று என்பது போல. அன்டோனியோ டமாசியோ என்ற நரம்பியல் மருத்துவர், பழைய அனுபவங்கள் உடம்பில் விட்டுப்போன தடயங்கள் நாம் முடிவெடுக்க உதவுகின்றன என்று 1990-களில் ஒரு கருதுகோள் வைத்தார். விவாதம் இன்னும் ஓய்ந்தபாடில்லை, ஆனாலும் அதில் ஒரு பயனுள்ள குறிப்பு இருக்கிறது: உடம்பு கற்றுக்கொண்டதைத்தான் சொல்லும். 15 வருடம் தணிக்கை செய்த நீங்கள் ஒரு கணக்குப் புத்தகத்தைப் புரட்டும்போது "இதில் என்னவோ சரியில்லை" என்று வயிறு சொன்னால் அதை மதிப்பேன், அது ஆயிரம் புத்தகங்களில் பழகிய வயிறு. இந்தப் புதிய பதவியைப் பற்றி அதற்கு என்ன தெரியும்? கடந்த சில மாதமாக அது பழகியதெல்லாம் இரவு, படபடப்பு, பயம்.

அதோடு நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "வெளியூரில் தனி அறையில் ராத்திரி ஏதாவது ஆகிவிட்டால் யார் இருக்கிறார்கள்?" வயிறு பிசைவது பதவிக்காக இல்லை, அந்த அறைக்காக. இரண்டையும் பிரித்துப் பாருங்கள். பயணமே இல்லாமல் இதே பதவி, இதே பொறுப்பு என்றால் வயிறு என்ன சொல்கிறது? அப்போதும் பிசைந்தால் வேலையில் ஏதோ இருக்கிறது, உட்கார்ந்து யோசிக்கவேண்டும். முடிந்தால் நிறுவனத்திடம் கொஞ்சம் அவகாசம் கேளுங்கள், அல்லது முதல் சில மாதம் பயணத்தைக் குறைத்துத் தொடங்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். ஏற்றுக்கொள்ளுங்கள் என்றும் வேண்டாம் என்றும் நான் சொல்லப்போவதில்லை. பயத்துக்காக மட்டும் மறுத்தால் அன்று மாலை பெரிய நிம்மதி வரும், அந்த நிம்மதியை மூளை "தப்பித்தோம்" என்று பதிவு செய்துகொள்ளும், அடுத்த முறை பக்கத்து ஊருக்குப் போகவே யோசிப்பீர்கள். இதை நிறையப் பேரிடம் பார்த்துவிட்டேன்.

என்ன செய்யலாம்

முதலில் இதய விஷயத்தை ஒழுங்காக முடித்துவிடுவோம். உங்கள் மருத்துவரிடம் திரும்பப் போய், ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று உட்கார்ந்து விளக்கச் சொல்லுங்கள், அதைக் கேட்பது உங்கள் உரிமை. திருப்தி இல்லையென்றால் இன்னொரு இதய மருத்துவரின் கருத்தையும் வாங்குங்கள், ஒரு முறை. ஏழாவது மருத்துவரிடம் போவது கருத்துக் கேட்பது ஆகாது, அது வாட்ச்சைப் பார்ப்பதன் இன்னொரு வடிவம். அப்பா அல்லது அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்கு முன்பும், அம்மா அல்லது அக்கா தங்கைக்கு 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால்தான் அதை இளவயதுக் குடும்ப வரலாறு என்று கணக்கில் எடுக்கிறோம். உங்கள் அப்பாவுக்கு 68. ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள், புகைப்பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், காபியை ஒரு வாரம் குறைத்துப் பாருங்கள்.

பதற்றம் என்று ஒரு பெயர் வந்துவிட்டதால் நிஜ அறிகுறியை விட்டுவிடவும் கூடாது. நடக்கும்போதோ படி ஏறும்போதோ வந்து, நின்றால் குறைகிற நெஞ்சு வலி, மயங்கி விழுவது, சுவிட்ச் போட்டதுபோலத் திடீரென்று தொடங்கித் திடீரென்று நிற்கும் அதிவேகத் துடிப்பு, இவற்றுக்கு மறுபடியும் மருத்துவரைப் பாருங்கள். சில நிமிடங்களுக்கு மேல் நீடிக்கும் நெஞ்சு அழுத்தம் கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், யாரையும் கேட்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தாலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பயத்துக்கான சிகிச்சையில் நான் முதலில் சொல்வது சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் சேர்த்துக் கையாளும் உளவியல் சிகிச்சை. அதில் ஒரு பகுதி கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். படபடப்பை அடக்கச் சொல்லமாட்டார்கள், வரவழைக்கச் சொல்வார்கள். நின்ற இடத்திலேயே ஒரு நிமிடம் ஓடுவது, சுழல் நாற்காலியில் சுற்றுவது, குறுகிய ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது. செய்வதற்கு முன் "என்ன ஆகும் என்று பயப்படுகிறேன்" என்று எழுதிவைத்து, முடிந்ததும் என்ன ஆனது என்று எழுதவேண்டும். டிரெட்மில் சோதனையில் தேறிவிட்ட நீங்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இதைச் செய்யலாம், ஆனால் முதல் சில தடவை பயிற்சி பெற்ற ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். முடியாது என்று எந்த இடத்திலும் நிறுத்துகிற உரிமை உங்களுக்கு உண்டு.

மாத்திரை வேண்டுமா? தூக்கமும் வேலையும் ரொம்பக் கெட்டிருந்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தருகிற எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் உதவும், பலன் தெரிய சில வாரம் ஆகும், முதல் சில நாள் படபடப்பு கூடவே செய்யலாம், இதை முன்பே தெரிந்துகொள்ளாததால் பாதியில் விட்டவர்கள் அதிகம். உடனே அமைதியாக்கும் பென்சோடையசெபைன் வகை மாத்திரைகளைத் தினமும் எடுத்தால் பழக்கமாகிவிடும் அபாயம் உண்டு. நண்பர் கொடுத்தார் என்று எதையும் விழுங்காதீர்கள்.

வாட்ச்சைத் தூக்கிப் போடச் சொல்லமாட்டேன், இரண்டே நாளில் வேறு எங்காவது நாடியைப் பிடித்துப் பார்க்க ஆரம்பித்துவிடுவீர்கள். இந்த வாரம் எத்தனை முறை பார்த்தீர்கள் என்று மட்டும் குறியுங்கள். அடுத்த வாரம் பார்க்கத் தோன்றியதும் பத்து நிமிடம் தள்ளிப்போடுங்கள். படுக்கையறைக்கு வெளியே கழற்றி வைப்பது அதற்கு அப்புறம்.

இப்போது அந்தப் பின்குறிப்பு. அப்பாவின் நெஞ்சு சேதி அனுப்பியது, அவரும் வாயு என்று படித்தார், நீங்களும் வாயு என்று படித்தீர்கள். மாரடைப்பின் வலியை நெஞ்செரிச்சல் என்று எண்ணிக்கொள்வது மிகச் சாதாரணமாக நடப்பது, மருத்துவர்களே சில நேரம் ஏமாறுகிறார்கள். இதை நான் சொல்வதால் உங்கள் குற்ற உணர்ச்சி போய்விடாது, தெரியும். ஆனால் அதற்குப் பிறகு நீங்கள் செய்துகொண்டிருப்பதைப் பாருங்கள்: ஒரு சேதியைத் தவறவிட்டவர், இனி ஒன்றைக்கூடத் தவறவிடமாட்டேன் என்று இரவெல்லாம் விழித்து உட்கார்ந்திருக்கிறார், காவல் காக்கவேண்டிய இதயம் போய்விட்டதால் தன்னுடையதைக் காத்துக்கொண்டு. ஏழு மாதத்தில் ஆறு பரிசோதனை செய்திருக்கிறீர்கள், அப்பாவைப் பற்றி யாரிடமாவது பேசினீர்களா என்று கடிதத்தில் இல்லை.

உளவியல் ஆலோசகரிடம் முதல் நாள் போகும்போது படபடப்பிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அதைப் பற்றி அவரே கேட்பார். அந்தக் கடைசி இரண்டு நாளைச் சொல்லி ஆரம்பியுங்கள், முடிந்தால் அதற்கு முந்தின இரவே மனைவியிடம் ஒரு தடவை சொல்லிவிட்டு.